மீதி எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். உள்ளங்கை அகலம், ஓரத்தில் கம்பிச் சுருள், சுருளுக்குள் செருகிய பாதி பென்சில். இடது பக்கம் தேதி, வலது பக்கம் காசு. காலையில் பேருந்துக்கு ஒரு வரி, சாயங்காலம் பேருந்துக்கு ஒரு வரி, சனிக்கிழமை நம் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போனால் போக ஒரு வரி, வர ஒரு வரி, மீனுக்கு ஒன்று, முருங்கைக்கீரைக்கு ஒன்று. அப்பா தவறிய வருஷம் தொடங்கிய பழக்கம். பள்ளிக்கூட கேண்டீன் கடை ஒன்றில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வீட்டையும் ஓட்டி என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர் அம்மா. அதில் அந்த நோட்டுக்கும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், இனிமேல் எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராதுடி" என்பார். அவ்வளவுதான் பதில்.

போன வாரம் அலுவலகத்தில் சாப்பிடும்போது பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டுகிறோமே ஈசி-லிங்க் அட்டை, 2024 ஜனவரியில் நடந்த அதன் விவகாரம் எப்படியோ பேச்சில் வந்தது. "ஒரு நம்பர் தெரியணும்கிறதுக்காக நாற்பது மில்லியன் செலவு பண்ணினாங்களே, அந்தக் காசுல என்னென்ன பண்ணியிருக்கலாம்" என்றார் ஒருவர். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு மீட்டிங் இருந்ததால் அங்கே எதுவும் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மறந்துபோனவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது. முழுக் கட்டணம் கட்டும் பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய வகை ஈசி-லிங்க் அட்டைகளை ஜூன் 1க்குள் சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றாவிட்டால் பேருந்திலும் ரயிலிலும் அது செல்லாது என்றார்கள். சிம்ப்ளிகோவுக்கு மாறினால் ஒரு விஷயம் போய்விடும். ரயில் நிலையக் கதவிலும் பேருந்துக் கருவியிலும், இந்தப் பயணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள், அட்டையில் மீதி எவ்வளவு என்ற இரண்டு எண்களும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் கைப்பேசியில் செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ரயில் நிலையங்களில் அட்டையை மாற்ற நீண்ட வரிசை. சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய முறை குறைந்தது 2030 வரை இருக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவாகும் என்று அறிவித்தார்கள்.

அந்தப் பதின்மூன்று நாள் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு அப்போது 57 வயது. மூத்தோர் சலுகை அட்டை 60 வயதில்தான் கிடைக்கும், அதனால் அவரும் எல்லாரையும்போல முழுக் கட்டணம் கட்டுகிறவர். திங்கட்கிழமை காலையில் நிலையத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் டாப்-அப் செய்வார். ஒரே நேரத்தில் கூடுதலாகப் போடமாட்டார். அது அந்த வாரத்தின் போக்குவரத்துக் காசு. வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கும்போது திரையில் அவர் எதிர்பார்த்த மீதிக்குப் பக்கத்தில் ஏதாவது தெரிந்தால் எல்லாம் சரி. அதைவிடக் குறைவாகத் தெரிந்தால் நடுவில் எங்கேயோ கூடப் போயிருக்கிறது. உடனே பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து நோட்டை எடுத்துப் பார்ப்பார். ஒருமுறை அப்படிப் பார்த்துத்தான், முந்தின நாள் இறங்கும் அவசரத்தில் அட்டையைத் தட்ட மறந்துவிட்டதைக் கண்டுபிடித்தார். இறங்கும்போது தட்டாவிட்டால் நீங்கள் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு வைத்து முழுத் தொகையைப் பிடித்துவிடுவார்கள், தெரியும்தானே.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் கட்டணம் ஒரே தொகையாக இருப்பதில்லை. 2010 ஜூலையிலிருந்து தூரத்தை வைத்துத்தான் கணக்கு. பேருந்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து இன்னொரு பேருந்து என்று மாறினாலும், இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறும்போது ஒரே பயணமாகச் சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். நல்ல ஏற்பாடு, அம்மா மாதிரி மாறி மாறிப் போகிறவர்களுக்கு அதனால் காசு மிச்சம். ஆனால் இந்த முறையில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மனக்கணக்காகச் சொல்லிவிட முடியாது. நடுவில் காய்கறி வாங்க இறங்கி நேரம் தள்ளிப்போனால் அது புதிய பயணமாகிவிடும். வேறு வழியாகச் சுற்றிப் போனால் கூடும். அப்போது சரியாகத்தான் பிடித்தார்களா என்று சாதாரண மனிதர் உடனே சரிபார்த்துக்கொள்ள இருந்த இடம் அந்தக் கருவியின் சின்னத் திரை. அரை வினாடிதான் தெரியும், ஆனால் அம்மாவுக்கு அது போதும். பஸ் கதவு திறக்கும், தட்டுவார், எண்ணைப் பார்ப்பார், உதடு அசையும், இறங்குவார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி இது.

ஏன் காட்ட முடியாது என்ற கேள்விக்கு, நான் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பதால், கொஞ்சம் விளக்க முடியும். பழைய ஈசி-லிங்க் அட்டைக்குள் காசு உண்மையிலேயே அட்டையின் சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. கருவி அட்டையைப் படித்து, எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குகிறீர்கள் என்று பார்த்துக் கழித்து, புதிய மீதியை அட்டையிலேயே திரும்ப எழுதிவிடுகிறது. எல்லாம் அங்கேயே முடிந்துவிடுவதால் உடனே திரையில் காட்டுகிறது. சிம்ப்ளிகோவில் அட்டை ஓர் அடையாள எண் மாதிரிதான். காசு வேறெங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது, நீங்கள் தட்டினீர்கள் என்ற தகவல் மட்டும் போகிறது, கட்டணத்தைப் பின்னால் சேவையகத்தில் கணக்குப் போடுகிறார்கள். அங்கே கேட்டு, பதில் வாங்கி, கதவில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் சில வினாடி கூடும். காலை எட்டரை மணிக்கு, அலுவலகக் கூட்டம் மொய்க்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் ஒவ்வொருவரும் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆணையம் சொன்ன காரணமும் அதுதான், அது உண்மையான காரணம்தான்.

புதிய முறையில் நல்லது இல்லாமலும் இல்லை. அட்டை தொலைந்தால் செயலியிலேயே முடக்கிவிடலாம், உள்ளே இருந்த காசு தப்பிக்கும். நிலையத்துக்குப் போகாமல் டாப்-அப் செய்யலாம். 2019இல் சிம்ப்ளிகோ வந்தபோது நான் மகிழ்ச்சியாகத்தான் மாறினேன், தனி அட்டையே வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும் என்று. இன்றைக்கும் நான் அப்படித்தான் போகிறேன்.

அங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கைப்பேசி உறையின் பின்பக்கம் இரண்டு வங்கி அட்டைகள் வைத்திருந்தேன். உறையோடு தட்டுவேன். சில நாள் ஏறும்போது ஓர் அட்டையும் இறங்கும்போது இன்னொரு அட்டையும் பதிவாகியிருக்கிறது. ஓர் அட்டையில் ஏறியவள் இறங்கவே இல்லை, இன்னோர் அட்டையில் ஏறாதவள் இறங்கியிருக்கிறாள். இரண்டிலும் காசு போயிருக்கிறது. தட்டியதும் பச்சை விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, நான் போய்விடுகிறேன். வங்கிக் கணக்கு விவரத்தில் ஒவ்வொரு பயணமும் தனித்தனியாக வருவதில்லை, பல பயணங்களைச் சேர்த்து ஒரே தொகையாக வரும். அதனால் நான்கு மாதம் கழித்து, வேறு எதற்கோ கணக்கைப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. பெரிய தொகை இல்லை. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இறங்கறப்பவே பார்த்திருந்தா அன்னைக்கே கேட்டிருக்கலாமேம்மா. நாலு மாசமா?" நான்கு மாதம் என்பதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அவருடைய நோட்டில் இப்படி ஒரு தவறு நான்கு மணி நேரம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது.

அந்த ஜனவரியில் அலுவலகத்தில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது, இப்போதும் வருகிறது. பெரியவர்களின் பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே சிம்ப்ளிகோவுக்குப் போய்விட்டது, மிச்சப் பேருக்காக இரண்டு முறைகளையும் கட்டி இழுப்பது வீண் என்று. அந்த மூன்றில் இரண்டு பங்கில் நானும் இருக்கிறேன். நான் ஏன் மாறினேன்? மாதக் கடைசியில் 3 வெள்ளி கூடப் போனாலும் எனக்கு ஒன்றும் ஆகாது, அதனால் மாறினேன். எண்ணைப் பார்க்கத் தேவையில்லாதவர்கள் முதலில் மாறிவிட்டோம். எஞ்சியிருந்தவர்களில் நிறையப் பேர், அந்த எண்ணை வைத்து வாரத்தை நடத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்திருக்கும் தம்பிமார்களிடம் பேசிப் பாருங்கள். ஊருக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று காசுக் கணக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கும் முழுக் கட்டணம்தான். ஒருமுறை லிட்டில் இந்தியா நிலையத்தில் எனக்கு முன்னால் போன ஒரு பையன், கதவைத் தாண்டியதும் நின்று, திரையில் என்ன தெரிந்தது என்று தன் கூட்டாளியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். "நாலு இருவதா, மூணு இருவதா?" என்று. பின்னால் வரிசை நின்றது. யாரும் கோபப்படவில்லை.

40 மில்லியன் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீவில் ஏறக்குறைய ஆறு மில்லியன் பேர் இருக்கிறோம், தலைக்குப் போட்டால் 7 வெள்ளிகூட வராது. ஒரு வேளை நாசி பிரியாணி. அந்த விலைக்கு 2030 வரை, எண்ணிச் செலவு செய்கிறவர்கள் எண்ணிக்கொண்டே இருக்கலாம் என்றால் நான் என் 7 வெள்ளியைச் சந்தோஷமாகத் தருகிறேன். எனக்கு அந்த எண் தேவையில்லை, ஆனாலும் தருகிறேன்.

எனக்குப் புரியாதது வேறு. கண்ணுக்கு முன்னால் ஓர் எண்ணைக் காட்டினால் மனிதர்கள் எப்படி மாறுவார்கள் என்பதை இந்த அரசாங்கத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு என்ற தரக்குறியீட்டைக் கொண்டுவந்தார்கள் இல்லையா, 2022 டிசம்பர் 30 முதல். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசித் தரமான 'டி', பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எழுத்தும் சர்க்கரை விழுக்காடும் போட வேண்டும், 'டி' வாங்கிய பானத்துக்கு விளம்பரமும் செய்யக்கூடாது. என்ன நடந்தது? அந்தச் சிவப்பு 'டி' தங்கள் பாக்கெட்டில் வரக்கூடாது என்று தயாரிப்பாளர்களே சர்க்கரையைக் குறைத்தார்கள். விதி வருகிறது என்ற பேச்சு எழுந்ததுமே குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2017இல் பாக்கெட் பானங்களில் சர்க்கரையின் நடு அளவு 7.1 விழுக்காடு, 2023இல் அது 4.6 விழுக்காடு. யாருக்கும் சர்க்கரை கூடாது என்று தடை போடவில்லை. முன்பக்கத்தில் காட்டு என்றார்கள், அவ்வளவே.

பை விஷயமும் அப்படித்தான். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. 5 காசு யாருக்குப் பெரிது? ஆனால் சுயமாகப் பணம் கட்டும் இயந்திரத்தில் 'எத்தனை பைகள்?' என்று திரை கேட்கும்போது விரல் ஒரு நொடி நிற்கிறது. எங்கள் புளோக்கில் லிஃப்டில் பாருங்கள், இப்போது முக்கால்வாசிப் பேர் கையில் துணிப்பை.

சர்க்கரையை முன்பக்கம் காட்டச் சொல்லும் அதே ஊரில், பையின் 5 காசைத் திரையில் காட்டும் அதே ஊரில், பேருந்துக் கட்டணத்தை மட்டும் எதற்குக் கைப்பேசிக்குள், கடவுச்சொல்லுக்குப் பின்னால், மூன்று தட்டலுக்கு அப்பால் வைக்க வேண்டும்? காசு போகும் இடத்திலேயே, போகும் நேரத்திலேயே தெரிய வேண்டும். வீட்டுக்குப் போய் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம், அதற்குள் கேள்வி கேட்க வேண்டிய நேரம் போய்விடும். பஸ் ஓட்டுநரிடம் "அங்கிள், ஏன் இவ்வளவு போச்சு?" என்று கேட்க முடியாது, நிலைய முகப்பில் நிற்கும் ஊழியரிடம் கேட்க முடியாது. செயலியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அம்மா படிவம் நிரப்பமாட்டார். போனது போகட்டும் என்று விட்டுவிடுவார், அப்புறம் அந்த வாரம் சந்தையில் ஒரு மீன் குறையும்.

இது போக்குவரத்தோடு நிற்கவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அம்மாவையும் தம்பி குடும்பத்தையும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன், பேர் வேண்டாம். மேசையில் மெனு அட்டை இல்லை, ஒரு க்யூஆர் குறியீடு மட்டும் ஒட்டியிருந்தது. கைப்பேசியில் திறந்தால் படம் பெரிதாக, விலை சின்னதாக. மீன் தலைக் கறி 30 வெள்ளி. அம்மாவும் எட்டிப் பார்த்து 30 என்று மனதில் குறித்துக்கொண்டார். பில் வந்தபோது அந்தக் கறிக்கு மட்டும் 35.97. எப்படி? 30க்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 3, ஆக 33. அந்த 33க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 2.97. கடைக்காரர் ஏமாற்றவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மற்றக் கடைகள் எல்லாம் வரி சேர்த்த விலையைத்தான் எழுதிப் போட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு, சேர்க்காத விலையைப் போட்டுவிட்டு, வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று ஒரு வரி எழுதினால் போதும். காகித மெனுவில் அந்த வரி அடியில் இருக்கும், கண்ணில் படும். கைப்பேசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? எல்லா உணவையும் தாண்டி, இனிப்பு, பானம் எல்லாம் தாண்டி, கடைசிக் கடைசியில். நான் வீட்டுக்கு வந்து மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து தேடிக் கண்டுபிடித்தேன்.

அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. சேவைக் கட்டணம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பரிமாறுகிறவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் கடைசியில் நான் கட்டப்போவது 35.97 என்றால் முதலிலேயே 35.97 என்று போடுங்கள். காகிதத்தில் திருத்தி அச்சடிப்பது செலவு என்று முன்பு சொன்னார்கள் என்றால் சரி, இப்போது எல்லாம் திரையில்தானே இருக்கிறது? பெருக்கல் கணக்கை இயந்திரமே போட்டுக்கொள்ளும்.

தொழில்நுட்பமே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால், அம்மா ரசித்துப் பயன்படுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு. 2025 மே மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் 500 வெள்ளி வந்ததே, பாதி உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிகளுக்கும். சிங்பாஸ் என்ற அரசு அடையாளக் கணக்கில் நுழைந்து ஒருமுறை நான் எடுத்துக்கொடுத்தேன். அதன்பிறகு அம்மாவே பார்த்துக்கொண்டார். ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் 2, 5, 10 என்று தனித்தனிக் கட்டங்களாக, பழைய காகிதச் சீட்டு மாதிரியே தெரிகிறது. எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது மேலேயே இருக்கிறது. கடையில் இரண்டு கட்டத்தைத் தட்டுவார், 'ஏழு வெள்ளி' என்று வாய்விட்டுச் சொல்வார், கடைக்காரர் ஸ்கேன் செய்வார், முடிந்தது, மீதி மாறியிருக்கும். அதையும் நோட்டில் எழுதுவார், தனிப் பக்கத்தில். கைப்பேசி வேண்டாம் என்கிறவர்களுக்குச் சமூக மன்றத்தில் காகிதத்தில் அச்சடித்தும் கொடுக்கிறார்கள். எங்கள் மாடியில் இருக்கும் ஒரு சீனப் பாட்டி அப்படித்தான் வாங்குகிறார், கத்தரித்துக் கத்தரித்துக் கொடுப்பார். இதைச் செய்தவர்கள் யாரோ, சீட்டை எண்ணிப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நான் சோதனை செய்யும் மென்பொருள்களில் இந்தக் கவனம் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, முடியாது என்பதில்லை. யாரை நினைத்துச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதவில் நிற்க வைத்தால் கூட்டம் சேரும், ஒத்துக்கொள்கிறேன். கதவிலேயேதான் காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? கதவைத் தாண்டிப் பத்தடி தள்ளி, சுவரோரமாக, இரண்டு சின்னக் கருவிகள் வைக்கலாம். அவசரமாகப் போகிறவர் போகட்டும், பார்க்க வேண்டியவர் அட்டையை வைத்து, சில வினாடி நின்று, இந்தப் பயணத்துக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போகட்டும். வங்கி அட்டைக்கும் அதே. மீதியைக் காட்ட முடியாது என்றால் கட்டணத்தையாவது காட்டட்டும். பெரிய பேருந்து முனையங்களிலும் ஒன்று வைக்கலாம். என் மாதிரி இரண்டு அட்டை குழம்பியவர்களுக்கு நான்கு மாதம் ஆகாது, நான்கு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

2024 டிசம்பர் 28ஆம் தேதி கட்டணம் ஏறியது. அம்மா போகும் குறைந்த தூரத்துக்கு 1.09ஆக இருந்தது 1.19 ஆனது. அன்றைக்குச் சனிக்கிழமை, அம்மா சந்தைக்குப் போனார். செய்தியில் வந்திருந்தது, அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் இறங்கும்போது 1.19 என்று பார்த்துவிட்டுத்தான் நம்பினார். நோட்டில் 1.19 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடப் போட்டு, மிச்சத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். ஒரு வாரத்துக்குள் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டுவிட்டார். நான் அந்த ஏற்றத்தை உணரவே இல்லை, என் அட்டையில் எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே உணர்வதற்கு.

நேற்று இதையெல்லாம் சுருக்கி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கருத்துப் படிவத்தில் எழுதினேன். 2030க்குப் பிறகு என்ன வந்தாலும் இறங்கிய இடத்திலேயே கட்டணம் தெரிய ஒரு வழி வைத்துவிட்டு மாற்றுங்கள், கதவைத் தாண்டி ஒரு கருவி வையுங்கள், கைப்பேசி இல்லாதவருக்கும் அது வேலை செய்யட்டும் என்று. அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

"எல்லாம் சரிதான். எழுத்தைப் பெருசாப் போடச் சொல்லி ஒரு வரி சேர்த்துக்கம்மா. இப்பல்லாம் கண்ணாடி போடாம மூணா எட்டான்னு தெரிய மாட்டேங்குது."

சேர்த்துத்தான் அனுப்பினேன்.